காற்றாடிகளை எண்ணிய கார்

ஒரு விடுகதை போடுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு வீட்டில் இருக்கும், அது மட்டும் ஊர் ஊராகச் சுற்றும். சாவி போட்டால் விழிக்கும், சாவியை எடுத்தால் உறங்கும். மேடு ஏறினால் கத்தும், பள்ளம் இறங்கினால் முணுமுணுக்கும். யாருடையது என்று கேட்டால் ஊரே ஒரு பிள்ளையைக் கைகாட்டும், அந்தப் பிள்ளை மட்டும் வாயைத் திறக்காது. அது என்ன? விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாதவர்களுக்காகத்தான் கதை.

மலைக்கும் கடலுக்கும் நடுவே காற்று புகுந்து வரும் கணவாய் ஒன்று உண்டு. அந்தக் கணவாயின் வாயில், எந்தப் பக்கம் திரும்பினாலும் மின்சாரம் எடுக்கும் ராட்சதக் காற்றாடிகள் சுழன்றுகொண்டே இருக்கும் ஊர் மருதவிளை. ஆடி மாதத்துக் காற்று அங்கே ஒரு சொல்லைச் சொன்னவரின் வாயிலிருந்து பிடுங்கி, கேட்க வேண்டியவரின் காதைத் தாண்டி, அடுத்த ஊர்ப் பனங்காட்டில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அதனால் மருதவிளைக்காரர்கள் எதையும் உரக்கச் சொல்வார்கள், சொன்னதையே மறுபடியும் சொல்வார்கள். சண்டை போட்டாலும் கொஞ்சினாலும் வெளியூர்க்காரர் காதுக்கு ஒன்று போலத்தான் இருக்கும். வாயை மூடு என்று யாரும் யாரையும் அந்த ஊரில் சொல்வதில்லை. பாதி வாயைக் காற்றே மூடிவிடுகிறது, மீதியையும் மூடச் சொல்வானேன்?

அந்த ஊரில் தங்கபுஷ்பம் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் சுயம்புலிங்கம் அதுவரை அடுத்தவர்களுடைய கார்களையே ஓட்டி வந்தவன். அவர்களுக்கு ஒரே மகள், ஆவுடைச்செல்வி. நாலாம் வகுப்பு. காற்றாடி ஊரில்கூட ஒரு தடவை சொன்னாலே கேட்கிற குரல் அவளுக்கு. காலையில் கண் விழிக்கும்போதே ஒரு கேள்வியோடு விழிப்பாள், இரவில் பாதி வாக்கியத்தில் தூங்கிப்போவாள், மறுநாள் காலையில் மீதிப் பாதியிலிருந்து தொடங்குவாள். பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பேச்சைக் கேட்டபடி இருந்தால் தங்கபுஷ்பத்தின் விரல்கள் தாமாகவே இலையை உருட்டும், நூலைச் சுற்றும்.

சுயம்புலிங்கம் கடைசியில் சொந்தமாக ஒரு வெள்ளைக் கார் வாங்கினான். புதுக் கார், வாடகைக்கு ஓட்ட. சீட்டுகளின் மேல் கம்பெனியில் சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, பிரிக்கிற எண்ணமும் அவனுக்கு இல்லை. குலசாஸ்தா கோயிலுக்குப் போய் நாலு சக்கரத்தையும் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிய பிறகுதான் முதல் சவாரி. ஆனால் கோயிலுக்குப் போகும்போதே வண்டியில் பக்திப் பாட்டு கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆகவே நாலுவழிச்சாலை ஓரத்தில் கார்களுக்குப் பாட்டு செட் மாட்டிக்கொடுக்கும் எட்வினின் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனான்.

எட்வின் பின் சீட்டைத் தூக்கி, அதன் அடியில் ஆம்பிளிஃபயரை உட்கார வைத்தான். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை இழுத்து வந்து அதில் சேர்த்தான். பிறகு சீட்டுக்கு அடியில் இருந்த ஒரு போல்ட்டைக் காட்டினான்.

"அண்ணாச்சி, இந்த இடத்துல பெயிண்ட்டைக் கொஞ்சம் சுரண்டணும். வெறும் இரும்பு தெரியணும். அதுலதான் எர்த்து ஒயர் உக்காரணும்."

"சுரண்டுறதா? ஏடே, எலுமிச்சம்பழம் ஏறல, சாஸ்தாவைக் கும்பிடல. அதுக்குள்ள என் வண்டியில கீறல் போடுவியா நீ?"

"சீட்டுக்கு அடியில அண்ணாச்சி. யாருக்குத் தெரியப் போவுது?"

"சாஸ்தாவுக்குத் தெரியும்."

"அப்பம் கும்பிட்டுட்டு வந்த பொறவு செட்டு மாட்டுவோம்."

"பாட்டு இல்லாம கோயிலுக்குப் போறதா? நல்லா சொன்ன போ."

எட்வின் சிரித்துக்கொண்டே பெயிண்ட்டின் மேலேயே எர்த்து ஒயரை வைத்து முறுக்கிவிட்டான். "கரண்டு போன வழியே நிம்மதியாத் திரும்பி வரணும் அண்ணாச்சி. திரும்புற வழி அடைஞ்சிருந்தா அது வேற வழி தேடும். சத்தம் வந்தா என்னைச் சொல்லக் கூடாது, கும்பிட்டுட்டு வந்ததும் கொண்டாங்க" என்றான்.

போகும்போது பாட்டு சத்தமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. சாஸ்தாவைக் கும்பிட்டு, எலுமிச்சம்பழங்களை நசுக்கி, திருநீறும் குங்குமமும் பூசிய காரில் திரும்பி வரும் வழியில், பாட்டு முடிந்த இடைவெளியில்தான் அது கேட்டது. ஊய் என்று ஒரு மெல்லிய சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஏறியது, விட்டால் இறங்கியது. சுயம்புலிங்கத்தின் முகம் சுருங்கியது. புதுக் காரில் முதல் நாளே ஒரு குறை. பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டினான். பின் சீட்டில் ஆவுடை, பிளாஸ்டிக் உறை கறுமுறு என்று சத்தம் போட முழங்காலில் நின்றுகொண்டு, ஜன்னல் வழியே காற்றாடிகளை உரக்க எண்ணிக்கொண்டு வந்தாள்.

"ஆவுடை, கொஞ்சம் வாயை மூடு."

அவள் எண்ணிக்கொண்டே இருந்தாள். அந்த ஊரில் யாரும் சொல்லாத சொல் அது. தன்னைத்தான் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வாயை மூடுன்னு சொல்லுதேன்லா! சத்தம் எங்கேருந்து வருதுன்னு கேக்கணும். நான் சொல்லுத வரைக்கும் மூச்சு காட்டப்படாது." அவன் உதட்டின் மேல் விரலை வைத்துக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தான்.

ஆவுடை வாயை மூடிக்கொண்டாள். முன் சீட்டிலிருந்த தங்கபுஷ்பம், பிள்ளையை இப்படியா அதட்டுவது என்று கேட்க வாயெடுத்தாள், அவளுக்கும் அதே விரல்தான் கிடைத்தது. மூன்று பேரும் அந்த ஊய்யைக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். கணவாயின் திருப்பத்தில் வண்டி மேடு ஏற, சுயம்புலிங்கம் ஆக்சிலேட்டரை அழுத்த, ஊய் உயர்ந்தது, உயர்ந்து மெலிந்தது, மெலிந்து ஒரு குரலாயிற்று. பின்பக்கத்து இடது ஸ்பீக்கரிலிருந்து ஆவுடையின் குரல், அவள் விட்ட இடத்திலிருந்து, காற்றாடிகளை எண்ணத் தொடங்கியது.

தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை உதட்டின் மேல் விரலோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கண்டுபிடிச்சிட்டேன்," என்றான் சுயம்புலிங்கம், நிம்மதியாக. "பின்னால இடது ஸ்பீக்கர்."

மறுநாள் காலை ஆவுடை எழுந்தாள், பல் தேய்த்தாள், தட்டோடு வந்து நின்றாள், பேசவில்லை. வாசலில் சுயம்புலிங்கம் காரைக் கழுவி முடித்து ஸ்டார்ட் செய்தான். உடனே காருக்குள்ளிருந்து குரல் வந்தது: "அம்மா, இட்லிக்கு சீனி வேணும்."

தங்கபுஷ்பம் காரைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், உள்ளே போய்ச் சீனி டப்பாவை எடுத்து வந்து தட்டில் போட்டாள். பிள்ளை தின்றது. "இன்னும் கொஞ்சம்" என்றது கார்.

ஊருக்கு அது இப்படித்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சொர்ணத்தாய் வந்தாள், காரைச் சுற்றி வந்தாள், ஆவுடையின் வாயைத் திறந்து பார்த்தாள், தொண்டையில் ஒன்றும் சிக்கியிருக்கவில்லை என்றாள். திருஷ்டி கழிக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. யாருக்குக் கழிப்பது என்பதில்தான் வாக்குவாதம் வந்தது. குரல் காரில் இருப்பதால் காருக்கு என்றார்கள் சிலர், இழந்தவள் பிள்ளை என்பதால் பிள்ளைக்கு என்றார்கள் சிலர். கடைசியில் காரைப் பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டையும் சேர்த்துப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் கார், "சொர்ணத்தாய் சித்தி, உங்க கால்ல பூசணி ஒட்டியிருக்கு" என்றது. சொர்ணத்தாய் காலைத் துடைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் கனகமணி டீச்சர் கெட்டிக்காரி. வாய்ப்பாடு ஒப்பிக்கிற நாளில் காரை வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நிறுத்தச் சொல்வாள். ஆவுடை எழுந்து நிற்பாள், சுயம்புலிங்கம் ஆக்சிலேட்டரை மெதுவாக மிதிப்பான், ஜன்னல் வழியே ஏழாம் வாய்ப்பாடு வரும். பிழை வந்தால் டீச்சர் ஆவுடையை முறைப்பாள், கார் மன்னிப்புக் கேட்கும். புகை வகுப்புக்குள் வருகிறது என்று தலைமையாசிரியர் சொன்னதால், ஒப்பித்தல் காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிற நாளுக்கு மாற்றப்பட்டது. அவ்வளவுதான் மாறியது. பாட்டுப் போட்டியில் காரைச் சேர்க்கலாமா கூடாதா என்று பஞ்சாயத்துத் தலைவர் வரைக்கும் போனார்கள். பிள்ளை மேடையில் நின்றால் சேர்க்கலாம் என்று முடிவாயிற்று. கோயில் கொடை விழாவுக்கு மைக் செட்டு போட வந்தவர்கள், மைக்கை ஆவுடையின் வாய்க்கு நேரே பிடிக்காமல் காரின் பின் கதவுக்கு நேரே பிடித்தார்கள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே.

நெடுஞ்சாலையில் ஒரு போலீஸ்காரர் காரை மறித்தார். "ஏய்யா, உள்ள ஒரு பொம்பளப் பிள்ளை சத்தம் கேக்குதே, டிக்கியில எவளையாவது அடைச்சு வச்சிருக்கீரா?"

"நான் இங்கதான் இருக்கேன் மாமா," என்றது கார். "நீங்க ஏன் ஹெல்மெட் போடாம பைக்குல வந்திய?"

போலீஸ்காரர் டிக்கியைத் திறந்து பார்த்தார், மூடினார். மறுநாளிலிருந்து ஹெல்மெட் போட்டுக்கொண்டு அதே இடத்தில் நின்று, கார் போகும்போது கையசைத்தார்.

ஒரு மாதம் போனபின், வெளியூர்க்காரர்கள் தவிர வேறு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் தங்கபுஷ்பத்தின் வீட்டில் சத்தம் இல்லை. கார் வாசலில் நிற்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. பேசுகிற கார் என்று பேர் பரவி, சவாரிக்குமேல் சவாரி. மதுரை, கொடைக்கானல், ராமேஸ்வரம் என்று வண்டி போகப் போக, குரலும் போயிற்று. வீட்டில் ஆவுடை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தாகம் மட்டும் தீராமல் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். வண்டி தொலைதூரம் ஓடுகிற நாட்களில் அவள் உதடு வெடித்து, ஓரத்தில் புழுதி மாதிரி ஒன்று படிந்திருக்கும். தங்கபுஷ்பம் முந்தானையால் துடைத்துவிடுவாள். பேச்சு இல்லாத வீட்டில் பீடி கோணல் மாணலாக வந்தது, கடையில் கழித்துப் போட்டார்கள்.

சுயம்புலிங்கமோ ஒவ்வொரு சவாரியிலிருந்தும் முகம் மலர்ந்து திரும்பினான். எத்தனையோ வருஷமாக அவன் தனியாக ஓட்டிய சாலைகள் அவை. சாப்பிட்டீரா என்று கேட்க ஆளில்லாத சாலைகள். இப்போது பின்னாலிருந்து மகள் பேசிக்கொண்டே வந்தாள்.

"பாம்பன் பாலத்துல ஏறும்போது என்ன கேட்டா தெரியுமா? கடலுக்குக் கரை எதுக்குப்பா, அது எங்க ஓடிப்போயிரும்னு கேட்டா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான், பக்கத்தில் ஆவுடை உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே.

"அவ கடலைப் பாக்கவே இல்லியே," என்றாள் தங்கபுஷ்பம்.

"பாத்தாளே."

"இவளைச் சொல்லுதேன். இந்தா இருக்காளே, இவளை."

அவன் சிரிப்பை நிறுத்தினான். எட்வினிடம் காட்டலாம் என்றான்.

எட்வின் தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தான். முதலில் பாட்டு ஓடும் டெக்கிலிருந்து வரும் சிக்னல் ஒயரைப் பிடுங்கினான். பாட்டு நின்றது, பேச்சு நிற்கவில்லை. "எட்வின் மாமா, கூசுது" என்றது கார். எட்வின் தலையைச் சீட்டில் இடித்துக்கொண்டான். பிறகு, ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓடிய கரண்ட் ஒயரையும் சிக்னல் ஒயரையும் பிரித்து, ஒன்றை வண்டியின் வலதுபக்கமும் இன்னொன்றை இடதுபக்கமும் கொண்டுபோனான். குரல் இடது ஸ்பீக்கரிலிருந்து வலது ஸ்பீக்கருக்கு இடம் மாறி உட்கார்ந்தது. சத்தத்தை வடிகட்டுகிற ஒரு டப்பாவை நடுவில் மாட்டினான். அன்று காரின் பேச்சில் மெல்லிய ஓசைகளெல்லாம் உதிர்ந்துபோயின, தன் பெயரையே அதனால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. கடை வாசலில் நின்ற ஆவுடை இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"எடுங்க! அதை எடுங்க!" என்று கத்தினாள் தங்கபுஷ்பம். எட்வின் டப்பாவைப் பிடுங்கி எறிந்தான்.

அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, சிக்னல் ஒயரைப் பிடுங்கியும் பேச்சு நிக்கல. அப்பம் இது மேல இருந்து வரல. கீழ இருந்து வருது. அந்த எர்த்துதான். நான் அன்னைக்கே அண்ணாச்சிகிட்டச் சொன்னேன், சுரண்டணும்னு."

"பின்ன ஏன் சுரண்டல?"

எட்வின் சுயம்புலிங்கத்தைப் பார்த்தான். சுயம்புலிங்கம் காரைப் பார்த்தான்.

"இப்பம் சுரண்டு," என்றாள் தங்கபுஷ்பம். "எலுமிச்சம்பழம் ஏறிட்டு. சாஸ்தா கும்பிட்டாச்சு. இனி என்ன?"

"நாளைக்கு ஒரு ஏற்காடு சவாரி இருக்கு," என்றான் சுயம்புலிங்கம். "வந்து பாத்துக்கிடலாம்."

ஏற்காட்டுக்குப் பிறகு வேளாங்கண்ணி, வேளாங்கண்ணிக்குப் பிறகு பழனி. கார்த்திகை பிறந்ததும் மாலை போட்டவர்கள் சபரிமலைக்கு வண்டி கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சரி என்றான். வீட்டில் சொல்வது ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான்: வந்து பாத்துக்கிடலாம். ஒன்றை மட்டும் அவன் வீட்டில் சொல்லவில்லை. முதல் சவாரிகளில் கார் ஊரைத் தாண்டும் முன்பே, "அம்மா இப்பம் என்ன செய்வா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மதுரையைத் தாண்டியபின் கேட்டது. பிறகு கேட்கவே இல்லை. எந்த ஊரில் எந்தக் கடையில் நல்ல காபி என்று அதற்குத் தெரிந்திருந்தது. மருதவிளையில் எத்தனை காற்றாடி என்று கேட்டால், "அது எந்தப் பக்கம்பா?" என்றது.

சபரிமலை சவாரி முடிந்து வந்த அன்று உச்சி வெயில். சுயம்புலிங்கம் எஞ்சினை அணைக்காமலே இறங்கி, தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனான். தங்கபுஷ்பம் மடியிலிருந்த பீடித் தட்டை இறக்கி வைத்தாள். அவள் காரில் ஏறி ரொம்ப நாளாயிற்று. பின் கதவைத் திறந்து, வெயிலில் கொதித்துக் கிடந்த பிளாஸ்டிக் உறையின் மேல் உட்கார்ந்தாள். உள்ளே விபூதி வாசமும் அடுத்தவர்களின் வியர்வை வாசமும் இருந்தன. அவள் கதவைச் சாத்தினாள்.

கார் வரவேற்கும் குரலில், ரொம்பப் பழக்கப்பட்ட குரலில், அவள் பெற்ற பிள்ளையின் குரலில் கேட்டது:

"வாங்கம்மா. எங்க இறங்கணும்?"

தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"கூச்சப்படாதிய. ஏசி கூட்டச் சொல்லவா? எந்த ஊரு நீங்க?"

"இந்த ஊருதான்," என்றாள் தங்கபுஷ்பம். காற்றே இல்லாத காருக்குள் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. மருதவிளைக்காரி ஆகையால் இன்னொரு தடவை சொன்னாள். "இந்த ஊருதான் மக்கா."

"நல்ல ஊரா?" என்றது கார், சவாரிக்கு வந்தவர்களிடம் கேட்பது போல.

சுயம்புலிங்கம் வெளியே வந்தபோது, அவள் பின் சீட்டில் அமர்ந்து முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றுங்கள், எட்வின் கடைக்குப் போக வேண்டும் என்றாள். நாளைக்கு என்று அவன் தொடங்கினான். தங்கபுஷ்பம் உதட்டின் மேல் விரலை வைத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

கடையில் பின் சீட்டைத் தூக்குமுன் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க வேண்டியிருந்தது. அது வெயிலில் சீட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சுயம்புலிங்கமே கிழித்தான். எட்வின் போல்ட்டைக் கழற்றி, எர்த்து ஒயரை ஒதுக்கி, உப்புத்தாளால் அந்த இடத்தைத் தேய்த்தான். வெள்ளைப் பெயிண்ட் பொடியாக உதிர்ந்தது, அதன் கீழே இருந்த சாம்பல் நிறம் போயிற்று, கடைசியில் கட்டைவிரல் அகலத்துக்கு இரும்பு பளிச்சென்று தெரிந்தது. சுயம்புலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒயரில்லாமல் ஆம்பிளிஃபயர் ஓடக் கூடாது, ஆனால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "என்ன எல்லாரும் சும்மா நிக்கிய?" என்று கேட்டது கார்.

எட்வின் ஒயரின் வளையத்தைப் போல்ட்டில் கோத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரை எடுக்கவில்லை. "அக்கா, முன்னாலேயே சொல்லிருதேன். இதை முறுக்குனா கார்ல சத்தம் இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு. பிள்ளைகிட்டப் போய்ச் சேருமான்னு கேட்டா, அது என் வேலையில இல்ல. சில நேரம் சத்தம் சும்மா போயிரும். எங்க போச்சுன்னு நாங்க தேடுறதில்ல."

தங்கபுஷ்பத்தின் கை தானாக நீண்டு, தானாகத் திரும்பி வந்தது. அந்நியர்களை விசாரிக்கிற குரல்தான், ஆனாலும் குரல். அதையும் கொன்றுவிட்டு வெறும் வீட்டுக்கு எப்படிப் போவது?

அப்போது சுயம்புலிங்கம் மகளின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "மக்கா, அன்னைக்கு அப்பா ஒண்ணு சொன்னேன்லா, நான் சொல்லுத வரைக்கும் மூச்சு காட்டப்படாதுன்னு. பொறவு நான் சொல்லவே இல்ல. இப்பம் சொல்லுதேன். பேசு மக்கா."

ஆவுடை அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பதில் அவனுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"நான் பேசிக்கிட்டுத்தானப்பா இருக்கேன்," என்றது கார். "நீங்கதான் இன்னைக்குப் பேச மாட்டேங்கிய. பழனி போவமா?"

சுயம்புலிங்கம் எழுந்திருக்கவில்லை. சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தூரத்தில் காற்றாடிகள் சுழன்றன.

ஆவுடை அப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்து, திறந்திருந்த பின் கதவு வழியே தலையை நீட்டினாள். கருவிப் பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். அளவு சரியாக இல்லை. எட்வின் வேறொன்றைக் கொடுத்தான்.

"பாப்பா," என்றது கார் அவளிடம், அன்பாக, "நீ எங்க இறங்கணும்?"

ஆவுடை உதட்டின் மேல் விரலை வைத்தாள்.

கார் அடங்கியது. பேச்சு நின்றதும் அதற்கு அடியில் இருந்த ஊய் கேட்டது, ஒரு நூல் போல, சாஸ்தா கோயிலிலிருந்து திரும்பிய அன்று கேட்ட அதே ஊய். எல்லோரும் அதைக் கேட்டார்கள். அவளும் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ஸ்பேனரைப் போல்ட்டில் மாட்டி முறுக்கினாள். பாதியில் கை வழுக்கியது, மறுபடி மாட்டி முறுக்கினாள். ஊய் மெலிந்து, அறுந்துபோயிற்று. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர்கள் நாலும் சும்மா இருந்தன.

வேலை முடிந்ததும் செட்டை ஒரு தடவை ஓடவிட்டுக் காட்டுவது எட்வினின் பழக்கம். அவன் கை டெக்கின் மேல் போயிற்று. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, "பாட்டுப் போட்டுப் பாக்கட்டுமா பாப்பா?" என்று கேட்டான்.

ஆவுடை, வேண்டாம் என்று சொன்னாள். குரல் கரகரவென்று, தொலைவு போய் வந்தது போல இருந்தது. தங்கபுஷ்பம் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள். சுயம்புலிங்கம் அவளுக்காகப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அம்மாவின் கையைப் பிடித்து, வீட்டுக்கு நடந்தே போகலாம் என்றாள்.